அந்த வழி நான் சொன்னதுதான்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. இந்தக் கதையில் பாதி எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கதை நடந்த வேனில் நானும் இருந்தேன். முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால் நான் பார்த்தது எது, அக்கா சொன்னது எது என்று பிரித்தே சொல்கிறேன். கலந்து சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

இந்தப் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரத்தை விட்டுக் கொடுத்ததால் சொல்கிறேன். கையில் எதற்கு எலுமிச்சம்பழம் என்று கேட்டீர்கள். வளைவில் வண்டி திரும்பினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். இது நாலு வழிச்சாலை, திருநெல்வேலி வரைக்கும் திரும்புவதற்கு ஒன்றுமில்லை என்று நீங்கள் சிரிக்கிறது புரிகிறது. ஒரு தைரியத்துக்கு வைத்திருக்கிறேன். ஒரு தடவை இந்தச் சாலையை வேண்டாம் என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு எந்தச் சாலையையும் நம்புவதில்லை.

திருநெல்வேலியில் என் மாமனார் வீடு. அந்த வீட்டுக்குப் பூ வைக்கப் போன அன்று நடந்தது இது. உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்தால்தான் கல்யாணம் உறுதி. மாப்பிள்ளை அதற்குப் போக வேண்டியதில்லை. பெரியப்பா அதைத்தான் சொன்னார். "நீ வீட்ல இருடா காளிராஜு, நாங்க முடிச்சுட்டு வாரோம்" என்றார். வழி எனக்குத்தான் தெரியும் என்று சொல்லி நானே ஏறிக்கொண்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் பூ வைத்தாக வேண்டும். பெண்ணின் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தரகர் முதல் நாளே எச்சரித்திருந்தார்: "அந்த மனுஷன் பொண்டாட்டி லேட்டா காபி கொண்டு வந்தாலே எழுதி வைக்கிறவரு. நேரத்துக்குப் போயிருங்க." அதற்கு முன்னால் எனக்கு இரண்டு இடம் பேசிக் கைவிட்டுப் போயிருந்தது. இந்தப் பெண் கோமதியோடு ஒரே ஒரு தடவை போனில் பேசியிருந்தேன். இவள் இல்லை என்றால் இனி யாரையும் பார்க்க வேண்டாம் என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அப்படியென்றால் ஏன் நேர் வழியில் போகவில்லை என்று கேட்பீர்கள். அந்த ஒரு போன்தான் காரணம். அதில் கோமதி கேட்டாள், "பயணம் போனா நீங்க வெளிய பாப்பீங்களா, போனைப் பாப்பீங்களா?" வெளியேதான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் நான் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகிறவன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். வழியில் நாலு அழகான விஷயத்தைப் பார்த்துவிட்டால் அது பொய் இல்லை என்று ஆகிவிடும் அல்லவா. சாத்தூரில் நாலு வழிச்சாலையை விட்டு இறங்கி, சங்கரன்கோவில் பக்கமாக உள்ளூர்ச் சாலைகளிலேயே திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்று போனில் பார்த்து வைத்தேன்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். அதில் ஒரு சிக்கல் உண்டு அண்ணாச்சி. நான் எதைச் சொன்னாலும் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவார்கள். எதிர்த்துப் பேசியது டிரைவர் சுடலைமுத்து அண்ணன் மட்டும்தான்.

"நாலு வழில போனா ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. எதுக்குத் தம்பி சுத்து வழி?"

"சுத்து இல்லண்ணே. அழகான வழி."

"அழகுன்னா?"

"கண்மாய் இருக்கு. பனை இருக்கு. மயில் வரும்."

"அதெல்லாம் எங்க வீட்டுக் கொல்லையிலயே இருக்கு தம்பி."

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். "பூ வைக்கப் போறோமா, மயிலு பாக்கப் போறோமா?" என்றாள். பெரியப்பாதான் காப்பாற்றினார். "விடு. படிச்ச பையன். கணக்குப் பாக்காமயா சொல்லுவான்?"

கணக்குப் பார்த்துத்தான் இருந்தேன். விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினோம். எவ்வளவு சுற்றினாலும் ஒன்பதரைக்குள் போய்விடலாம். என் கணக்கில் தப்பு இல்லை. அதில் நான் சேர்க்காதது என் வயிற்றை மட்டும்தான்.

சாத்தூர் தாண்டி இறங்கிய இரண்டாவது வளைவிலேயே வாயில் உமிழ்நீர் ஊற ஆரம்பித்துவிட்டது. புது வேட்டி, புதுச் சட்டை. வாந்தி மாத்திரை ஒன்று போட்டேன். அடுத்த வளைவில் நம்பிக்கை போய் இன்னொன்றும் போட்டேன். வெறும் வயிறு. சுடலைமுத்து அண்ணன், "தம்பி, அந்தா பாருங்க, கண்மாய்" என்று சொன்னது கேட்டது. பார்க்கத் திரும்பினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனி வருவது அக்கா சொன்னது.

அக்கா பெயர் மாரீஸ்வரி. எனக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பூத்தட்டை வைத்திருந்தாள். நான் பார்க்க வேண்டியதையெல்லாம் அவள் பார்த்தாள். கண்மாயில் தண்ணீர் பாதிக்குக் கிடந்தது. கரையில் ஒரு மயில் தோகையை இழுத்துக்கொண்டு நடந்து போனது. காற்றாலைகள் ஒன்று சுற்றி, ஒன்று நின்று, ஒன்று யோசித்துக்கொண்டிருந்தன. எழுப்பிக் காட்டலாமா என்று நினைத்தாளாம். நான் வாயைத் திறந்து தூங்கிய கோலத்தைப் பார்த்து, மயில் பயந்துவிடும் என்று விட்டுவிட்டாளாம். அக்கா அப்படித்தான் பேசுவாள்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது புளியடிக்குளம் என்று ஒரு ஊர். அங்கே ஒரு வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் சீரோடு வருவான் என்று மேளக்காரர்கள் ஊர் வாசலிலேயே காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக ஒரு வேன் வந்தால் என்ன நினைப்பார்கள்? "தாய்மாமன் சீர் வந்துருச்சு" என்று ஒருவர் கத்தினாராம். மேளம் தொடங்கிவிட்டது. வேட்டுப் போட்டார்கள். ரோட்டை மறித்துக் கூட்டம் நின்றுவிட்டது. பெரியப்பா தலையை வெளியே நீட்டி, "நாங்க அவங்க இல்லப்பா, நாங்க வேற" என்று சொன்னது மேளத்தில் யாருக்குக் கேட்கும்? சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்களாம். ஆள் தப்பு என்று விளக்கிச் சொல்வதற்காக அக்கா இறங்கிப் பந்தல் வரைக்கும் போனாள்.

பந்தலில் குழந்தையின் அம்மா நின்றிருந்தாள். செண்பகவல்லி. அக்காவைவிட இளையவள். இடுப்பில் மொட்டை போட்ட பெண்குழந்தை. அவளுக்கு ஒரே அண்ணன். ஏதோ நிலத் தகராறில் முறுக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அது புகுந்த வீட்டிலும் அரசல்புரசலாகத் தெரியும். மாமியார்க்காரி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம், "எம் மருமகளுக்குப் பொறந்த வீட்ல ஒரு ஆம்பளை உண்டுன்னு சொன்னாக. விடிஞ்சதுல இருந்து தேடிக்கிட்டு இருக்கோம்."

செண்பகவல்லி அக்காவைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். தன் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கிட்டே வந்து இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அக்கா உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "தட்டுல வச்சிருங்கக்கா" என்றாள். அவ்வளவு மெதுவாக. பொட்டலத்தில் ஒரு ஜோடிச் சின்னத் தோடு. தாய்மாமன் வாங்கி வர வேண்டியது. அண்ணன் வராவிட்டாலும் அண்ணன் கொடுத்தனுப்பியதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளே வாங்கி ஒளித்து வைத்திருந்தாள்.

மாமியார் வந்து கேட்டாள், "இது யாரு?"

"எங்க பெரியப்பா மக. வேன்ல அண்ணன் இருக்காரு. மெட்ராஸ்ல வேலை" என்றாள் செண்பகவல்லி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையாம்.

அக்கா வேனுக்குத் திரும்பி வந்தாள். "அம்மா, தம்பிய எறக்கு."

"என்னடி சொல்ற?"

"அரை மணி நேரம்மா."

"பத்தரைக்குள்ள போகணும்டி. இவன் வாழ்க்கைடி."

"போயிரலாம்மா."

அம்மா அக்கா முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாளாம். பிறகு பழத்தட்டைத் தூக்கிக் கொடுத்தாளாம். கோமதிக்கு எடுத்த புடவையையும் பூவையும் மட்டும் வேனிலேயே வைத்துவிட்டாள். அம்மா அப்படி விட்டுக் கொடுக்கிறவள் இல்லை அண்ணாச்சி. கடையில் கறிவேப்பிலை குறைந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போடுகிறவள். அன்று எப்படிச் சம்மதித்தாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனக்குத் தாய்மாமன் முறையெல்லாம் அவ்வளவாகத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா மகளுக்குக் காது குத்தியபோது நான் போகவில்லை. சென்னையில் அன்று மாதிரித் தேர்வு. தேர்வு இல்லை, மாதிரித் தேர்வு. பெரியப்பா மகன்தான் மடியில் வைத்துக்கொண்டான். கடைசி வரைக்கும் மைக்கில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம், அம்மா இப்போதும் சொல்வாள். நான் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிட்டேன். "சரிடா, படிப்புதான முக்கியம்" என்றாள். அத்தோடு முடிந்தது. அக்கா எதையும் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

இனி நான் பார்த்தது.

என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். "பயணக் களைப்பு" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். யாரோ மாலை போட்டார்கள். மேளம் காதுக்குள்ளேயே அடித்தது. நான் கண்ணைத் திறந்தேன். பந்தல், வாழைமரம், சந்தனம், எங்கள் வீட்டுப் பழத்தட்டு. ஆகா, பெண் வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தேன். கோமதியைத் தேடினேன். எதிரே ஒரு பெண் பட்டுடுத்தி, கண் கலங்கி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். போட்டோவில் பார்த்த முகம் மாதிரி இல்லை. மாத்திரை மயக்கத்தில் எல்லா முகமும் ஒன்றுதான். நான் அவளைப் பார்த்து அடக்கமாகச் சிரித்தேன்.

அவள் தன் இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கி என் மடியில் வைத்தாள்.

நான் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, பொண்ணுக்குக் குழந்தை இருக்குன்னு நீங்க யாருமே சொல்லலையே."

அம்மா என் தோளில் கிள்ளினாள். ரத்தம் கட்டிவிட்டது, ஒரு வாரம் இருந்தது. நான் அதற்குள் என்ன முடிவுக்கு வந்துவிட்டேன் தெரியுமா? பரவாயில்லை, குழந்தை இருந்தால் என்ன, நல்ல முகமாக இருக்கிறது, சம்மதம் என்று முடிவு செய்துவிட்டேன். அதை வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். அக்கா சத்தியம் பண்ணுகிறாள். மேளச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை என்பது என் குலசாமி புண்ணியம்.

ஆசாரி ஊசியோடு குனிந்தார். "மாமா, தலைய நல்லாப் பிடிங்க" என்றார். மாமா என்று என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அக்கா மகள்கூட என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பிடித்தேன். குழந்தையின் மொட்டைத் தலை சந்தனம் பூசிக் குளிர்ந்து இருந்தது. ஒரு பக்கம் குத்தியதும் அது என்னைத்தான் பார்த்தது. நான்தான் குத்திவிட்டேன் என்பது மாதிரி. பிறகு அழுதது. நானும் அழுதேன். மாத்திரையின் வேலை என்றுதான் நினைக்கிறேன். என் வேட்டியில் அது ஒண்ணுக்கும் போனது. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம்.

செண்பகவல்லி மாமியார் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "சாப்பிட்டுத்தான் போகணும்னு சொல்லுங்கத்த. எங்க அண்ணன்."

சாப்பிட்டுத்தான் போனோம். அரை மணி நேரம் என்று அக்கா சொன்னது எங்கே போனது என்று தெரியவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

வேனில் ஏறிய பிறகு பெரியப்பா பேசியதையெல்லாம் சொல்ல வேண்டாம். சங்கரன்கோவில் தாண்டும்போதே ராகு காலம் தொடங்கிவிட்டது. எனக்கு மயக்கம் தெளிந்து, நடந்தது புரிந்தது. திருநெல்வேலிக்குள் நுழைந்தபோது உச்சி வெயில். பழத்தட்டில் பழம் இல்லை. மாப்பிள்ளையாகிய நான் கழுத்தில் மாலைக் கறையும் நெற்றியில் சந்தனமும் வேட்டியில் மூத்திர வாடையுமாக இறங்கினேன். அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. என் கல்யாணத்தைத் தொலைத்துவிட்டாளே என்ற கோபம் கொஞ்சம் இருந்தது. மறைக்க மாட்டேன்.

கோமதியின் அப்பா வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தோம். பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். அக்காதான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். ரோட்டை மறித்தது, மேளம், தோடு, எல்லாம்.

அவர் என்னைக் கேட்டார், "எந்த ரூட்ல வந்தீங்க?"

நான் சொன்னேன். சாத்தூரில் இறங்கியதிலிருந்து வரிசையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடி ஒவ்வொரு ஊருக்கும் தலையை ஆட்டினார்.

"அந்த ரூட்ல பஸ்ஸே நேரத்துக்கு வந்தது கிடையாது" என்றார். "முப்பது வருசம் நான் எழுதிப் பாத்துட்டேன். இவுக வேன்ல வந்தவுக. என்ன செய்ய முடியும்?"

கோமதி காபித் தட்டோடு வந்தாள். எனக்குக் கொடுக்கும்போது குனிந்து கேட்டாள், "வழியில என்ன பாத்தீங்க?"

மயில் என்று சொல்லியிருக்கலாம். அக்கா எல்லாவற்றையும் எனக்கு வரிசையாகச் சொல்லியும் வைத்திருந்தாள். நாக்கு வரைக்கும் வந்தது. "ஒண்ணும் பாக்கலைங்க. தூங்கிட்டேன்" என்றேன்.

"குழந்தை அழுதுச்சா?"

"ரொம்ப."

"நீங்க?"

"கொஞ்சம்."

அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் சிரித்தது என்று அன்று தெரியவில்லை. இப்போது அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ராகு காலம் முடிந்துதான் இருந்தது. காலையில் அக்கா மடியில் வைத்திருந்து, வேனிலேயே வாடிப்போன அந்தப் பூவைத்தான் வைத்தார்கள்.

இதுதான் கதை. எங்கள் வீட்டில் எல்லாரும் இதை இப்படித்தான் சொல்வார்கள். நானும் மூன்று வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் அந்த வழியைச் சொன்னதால்தான் அந்தப் பெண்ணுக்கு அன்று ஒரு அண்ணன் கிடைத்தான் என்று சேர்த்தும் சொல்வேன். நாலு வழிச்சாலையில் போயிருந்தால் நடந்திருக்குமா? அலுவலகத்தில் சாலைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், நான் இதைத் தொடங்கிவிடுவேன்.

இப்போது நான் போவது கோமதியைக் கூட்டி வர. வருகிற வெள்ளிக்கிழமை அக்காவின் மகனுக்குக் காதுகுத்து. இரண்டாவது பிள்ளை. அம்மா தினமும் போன் செய்து மூன்று நாள் முன்னாலேயே வா என்கிறாள். எதற்கு அவ்வளவு முன்னால் என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் லீவு போட்டுவிட்டேன். அதற்கு வேன் பேசத்தான் போன மாதம் சுடலைமுத்து அண்ணனைப் பார்த்தேன்.

"இந்தத் தடவையாவது நேர் வழிதான தம்பி?" என்றார்.

"நேர் வழிதாண்ணே. யாரும் ரோட்டை மறிக்க மாட்டாங்க."

"அன்னைக்கு மட்டும் யாரு மறிச்சா?"

நான் சொன்னேன். மேளம், வேட்டு, கூட்டம். அவர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதெல்லாம் ஊருக்குள்ள போன பெறகு தம்பி. மொதல்ல ஒரு டீக்கடைல நிப்பாட்டினோம். நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. காட்டுக்கு அந்தப் பக்கம் மைக்குச் சத்தம். 'குழந்தையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் பந்தலுக்கு வரவும்'னு திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தான். உங்க அக்கா டீயக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்கவே இல்ல. அப்படியே கீழ வச்சுட்டு, 'அண்ணே, அந்தச் சத்தம் வர்ற ஊருக்குத் திருப்புங்க'ன்னாங்க. உங்க பெரியப்பா கத்துனாரு. உங்க அம்மாதான், திருப்புப்பான்னு சொன்னாங்க."

அவருக்கு வயதாகிவிட்டது, வேறு ஏதோ சவாரியோடு குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். நான் சொன்ன வழியில்தான் அந்த ஊர் இருந்தது என்று எனக்கு நிச்சயம். ஆனாலும் தெரியாததைத் தெரிந்தது மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பது எனக்கு ஆகாது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு, நானே போய்ப் பார்த்தேன். டீக்கடை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இடது கைப்பக்கம் ஒரு சின்னச் சாலை பிரிகிறது. புளியடிக்குளம் அதற்குள்ளேதான். நான் சொன்ன வழியில் போகிறவர்களுக்கு அந்த ஊர் கண்ணிலேயே படாது.

அந்தச் சாலை ஊர்க் கோயிலோடு முடிந்துவிடுகிறது அண்ணாச்சி. அதைத் தாண்டி வேறு எங்கேயும் போக வழியில்லை.